ஐபிஎஸ்சி, ஐடிபிஏ, ஸ்டீல் சேலஞ்ச்: பிராக்டிகல் பிஸ்டலில் எங்கே தொடங்குவது?

பிராக்டிகல் பிஸ்டல் போட்டியில் இறங்க முடிவு செய்தவர்கள் முதலில் கேட்பது எந்தத் துப்பாக்கி வாங்கலாம் என்பதைத்தான். அதற்குப் பதில் சொல்லப் பலரும் ஆர்வமாக முன்வருவார்கள் என்பதால், அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய இன்னொன்று பேசப்படாமலே போய்விடுகிறது. இடுப்பு உறையிலிருந்து கைத்துப்பாக்கியை எடுத்து, நேரத்துக்கு எதிராகப் பல இலக்குகளைச் சுடும் போட்டி என்ற பொதுவான விவரிப்புக்குள் குறைந்தது மூன்று தனித்தனி விளையாட்டுகள் இருக்கின்றன: ஐபிஎஸ்சி எனப்படும் சர்வதேச பிராக்டிகல் ஷூட்டிங் கூட்டமைப்பின் போட்டி (அமெரிக்காவில் அதன் கிளையாக யூஎஸ்பிஎஸ்ஏ), ஐடிபிஏ எனப்படும் சர்வதேச தற்காப்புப் பிஸ்டல் சங்கத்தின் போட்டி, எஃகுத் தகடுகளைச் சுடும் ஸ்டீல் சேலஞ்ச். மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரித் துப்பாக்கிகள், ஒரே மாதிரித் தோட்டாக்கள், ஒரே மின்னணு டைமர். நேரத்தையும் துல்லியத்தையும் ஒன்றுக்கொன்று எப்படி ஈடுகட்டுகிறார்கள் என்பதில்தான் மூன்றும் பிரிகின்றன. ஒருவர் எதைப் பயிற்சி செய்வார், எந்தத் தவறைப் பொறுத்துக்கொள்ளக் கற்பார், சில ஆண்டுகள் கழித்து எப்படிப்பட்ட வீரராக நிற்பார் என்பதையெல்லாம் அந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டைத் துப்பாக்கியிலிருந்து அல்லாமல் புள்ளிக் கணக்கிலிருந்து தொடங்குகிறேன்.

வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்தால் பிரிவுக்கான காரணமும் விளங்கும். 1950களில் கலிஃபோர்னியாவில் ஜெஃப் கூப்பரும் அவரோடு சேர்ந்தவர்களும் நடத்திய போட்டிகளே இந்த விளையாட்டின் வேர். நிலையாக நின்று, ஒரு கையால், வட்டப் பலகையைச் சுடும் பழைய முறையிலிருந்து விலகி, இரு கைப் பிடி, உறையிலிருந்து எடுத்தல், நகர்தல், மேகசின் (தோட்டாக்கள் அடங்கிய பெட்டி) மாற்றுதல் ஆகியவற்றையெல்லாம் அவை சோதித்தன. 1976ஆம் ஆண்டு மிசூரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் கூடிய கூட்டத்தில் ஐபிஎஸ்சி உருவானது. கூப்பரே முதல் தலைவர். துல்லியம், வலிமை, வேகம் என்ற மூன்றும் அதன் குறிக்கோள் வாசகமாக லத்தீனில் பொறிக்கப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல, போட்டிக்கென்றே செதுக்கப்பட்ட, முனையில் உதைப்பைக் குறைக்கும் காம்பென்சேட்டரும் மேலே ஒளிப்புள்ளிக் குறிகாட்டியும் பொருத்திய துப்பாக்கிகள் முன்னணிக்கு வந்தன. அன்றாடம் இடுப்பில் அணியும் துப்பாக்கிக்கும் போட்டித் துப்பாக்கிக்கும் தொடர்பு அறுந்துவிட்டதாக நினைத்தவர்கள், பில் வில்சன் உள்ளிட்ட சிலரின் முயற்சியில், 1996இல் ஐடிபிஏவைத் தொடங்கினார்கள். ஸ்டீல் சேலஞ்ச் இந்தச் சண்டையில் சேராதது. 1981இல் தனிப் போட்டியாகத் தொடங்கி, 2007இல் யூஎஸ்பிஎஸ்ஏவின் கைக்கு வந்தது.

ஐபிஎஸ்சியின் கணக்கு ஒரே வகுத்தலில் அடங்கிவிடும்: ஒரு ஸ்டேஜில் (போட்டியின் ஒரு தனிச் சோதனையில்) எடுத்த புள்ளிகளை எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுத்தால் வருவது ஹிட் ஃபேக்டர். அட்டைப் பலகையில் ஏ, சி, டி என மூன்று வளையங்கள் உள்ளன. ஏ வளையத்துக்கு எப்போதும் 5 புள்ளி. மற்ற இரண்டின் மதிப்பு தோட்டாவின் வலுவைப் பொறுத்தது: வலுவான மேஜர் எனில் சிக்கு 4, டிக்கு 2, வலு குறைந்த மைனர் எனில் சிக்கு 3, டிக்கு 1. தவறவிட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் 10 புள்ளி கழியும். சுடக்கூடாத வெள்ளைப் பலகையில் பட்டாலும் 10 கழியும். ஸ்டேஜில் அதிக ஹிட் ஃபேக்டர் பெற்றவருக்கு அந்த ஸ்டேஜின் முழுப் புள்ளிகளும், மற்றவர்களுக்கு அவரோடு ஒப்பிட்ட விகிதத்தில் புள்ளிகளும் கிடைக்கும்.

ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். ஆறு பலகைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு தோட்டா, மொத்தம் 60 புள்ளி. மைனரில் சுடும் முதலாமவர் எட்டு ஏ, நான்கு சி எடுத்து 6.5 வினாடியில் முடிக்கிறார்: 52 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 8. இரண்டாமவர் பன்னிரண்டும் ஏ எடுத்து 8 வினாடியில் முடிக்கிறார்: 60 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 7.5. குறை ஏதும் இல்லாமல் சுட்டவர் தோற்கிறார். அவருக்குக் கிடைப்பது 56.25. ஆனால் முதலாமவரின் நான்கு சியில் ஒன்று பலகையைத் தவறவிட்டிருந்தால் அவரது கணக்கு 39 புள்ளி, ஹிட் ஃபேக்டர் 6 என்று சரிந்து, வெற்றி மற்றவருக்குப் போய், இவருக்கு 48 மட்டுமே மிஞ்சும். சிறு துல்லியக் குறையை மன்னிக்கும் இந்தக் கணக்கு, முழுத் தவறை ஒருபோதும் மன்னிப்பதில்லை. ஐபிஎஸ்சி வீரர்களிடம் காணப்படும் மனநிலை முழுவதும் இங்கிருந்து பிறப்பதுதான்: தேவையான அளவுக்கு மட்டும் குறி பார்ப்பது, அந்த அளவு எது என்பதை ஒவ்வொரு பலகைக்கும் தனியாக அறிந்திருப்பது.

இன்னும் ஒரு படி உள்ளே போனால், இந்த ஈட்டு விகிதம் ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறுவது தெரியும். அருகருகே நிற்கும் பலகைகளை நின்ற இடத்திலிருந்தே சுடும் குறுகிய ஸ்டேஜில் முன்னணி வீரர்களின் ஹிட் ஃபேக்டர் 10ஐ எட்டலாம். அங்கே ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு ஒரு புள்ளிக்குச் சமம். மைனரில் சியை ஏவாக மாற்றக் கிடைப்பது இரண்டு புள்ளி, அதற்கு 0.2 வினாடிக்கு மேல் செலவிட்டால் நட்டம். தொலைவில் பாதி மறைந்த பலகைகளும் நீண்ட ஓட்டமும் உள்ள ஸ்டேஜில் ஹிட் ஃபேக்டர் 3க்கு இறங்கினால், அதே இரண்டு புள்ளிக்காக மூன்றில் இரண்டு பங்கு வினாடிவரை தாராளமாகச் செலவிடலாம். சுடத் தொடங்கும் முன் இந்த வேறுபாட்டை மனத்தில் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் யாருக்குப் பிடிக்கிறதோ அவருக்கு ஐபிஎஸ்சி பிடித்துவிடும். கணக்கே வேண்டாம், ஒழுங்காகச் சுட்டால் போதும் என்பவர்களுக்கு இது எரிச்சலூட்டும். அந்த எரிச்சலும் நியாயமானதுதான்.

ஐபிஎஸ்சியின் மற்றொரு குணம் சுதந்திரம். ஸ்டேஜின் எல்லைக்கோடுகள், பலகைகளின் இடம், தொடக்க நிலை ஆகியவற்றை மட்டும் விதி சொல்கிறது. எங்கிருந்து எதை எந்த வரிசையில் சுடுவது, எங்கே மேகசின் மாற்றுவது என்பதெல்லாம் போட்டியாளரின் விருப்பம். நீண்ட ஸ்டேஜுக்கு அதிகபட்சம் 32 தோட்டா, நடுத்தரத்துக்கு 24, குறுகியதற்கு 12 என்பதும், ஒரே இடத்திலிருந்து புள்ளிக்குரிய சூடுகளை ஒன்பதுக்கு மேல் கேட்கக் கூடாது என்பதும் வடிவமைப்பாளருக்கான வரம்புகள். சுடுவதற்கு முன் வெறுங்கையோடு நடந்து பார்க்கக் கொடுக்கப்படும் சில நிமிடங்களில் ஸ்க்வாடில் (ஒன்றாகச் சுற்றிவந்து சுடும் குழுவில்) உள்ள பன்னிரண்டு பேரும் விரலை நீட்டிக்கொண்டு, தமக்குள் முணுமுணுத்துக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் சுற்றிவருவதைப் புதிதாகப் பார்ப்பவருக்குச் சிரிப்புதான் வரும். ஆனால் போட்டியின் பெரும்பகுதி அப்போதே முடிவாகிவிடுகிறது. இடது கோடியில் உள்ள சாளரத்துக்குப் போகாமலே அந்தப் பலகையை நடுவிலிருந்து பார்க்க முடியும் என்று கண்டுபிடித்தவர், வேகமாக ஓடுகிறவரைவிட இரண்டு வினாடி முன்னால் இருக்கிறார்.

ஐடிபிஏ இந்த இரண்டையும் தலைகீழாக்குகிறது. அதன் கணக்கு வகுத்தல் அல்ல, கூட்டல். எடுத்துக்கொண்ட நேரத்தோடு இழந்த புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு வினாடி சேர்க்கப்படும். பலகையின் நடு வட்டத்தில் பட்டால் இழப்பு இல்லை. அடுத்த வளையத்தில் 1, அதற்கும் வெளியே 3, தவறவிட்டால் 5. இழந்த புள்ளிக்கு முன்பு அரை வினாடியாக இருந்ததை 2017 விதிப்புத்தகம் ஒரு வினாடியாக்கியது. அந்த மாற்றத்துக்குப் பிறகு துல்லியத்தின் விலை இரட்டிப்பானது. மேலே சொன்ன இருவரையே ஐடிபிஏ கணக்கில் நிறுத்திப் பாருங்கள். பலகையின் வளைய அளவுகள் வேறு என்றாலும், சி ஒவ்வொன்றையும் ஒரு புள்ளி இழப்பாக எடுத்துக்கொண்டால், 6.5 வினாடியில் முடித்தவரின் முடிவு 10.5; எட்டு வினாடியில் நிதானமாக முடித்தவரின் முடிவு எட்டேதான். அங்கே தோற்றவர் இங்கே பெரும் வித்தியாசத்தில் வெல்கிறார். ஸ்டேஜ் எதுவாக இருந்தாலும் ஈட்டு விகிதம் மாறுவதில்லை என்பதால், முன்கூட்டியே போட வேண்டிய கணக்கும் கிடையாது: நடுவில் சுடு, பிறகு வேகத்தைக் கூட்டு என்ற ஒரே கட்டளை எங்கும் செல்லும்.

சுதந்திரமும் அப்படியே. ஐடிபிஏ ஸ்டேஜ் என்பது கற்பனையான ஒரு தற்காப்புச் சூழல். பெரும்பாலான ஸ்டேஜ்களில் துப்பாக்கி மேலாடைக்குள் மறைந்திருக்க வேண்டும். தடுப்பு இருக்கும் இடத்தில் தடுப்பின் பின்னாலிருந்து, கண்ணுக்குப் படும் வரிசையில் ஒவ்வொன்றாகச் சுட வேண்டும். வெட்டவெளியில் அருகில் உள்ளதை முதலிலும் தொலைவில் உள்ளதைப் பிறகும் சுட வேண்டும். டைமர் ஒலித்ததிலிருந்து சுட்டு முடிக்கும்வரையான ஒரு தொடருக்கு 18 தோட்டாவே உச்சவரம்பு. வரிசை தவறினால் 3 வினாடி. விதியின் உணர்வையே மீறி ஆதாயம் தேடினார் என்று அதிகாரி முடிவுசெய்தால் 20 வினாடி. இந்த அபராதம் அரிதாகவே விதிக்கப்படுகிறது, ஆனால் அது இருப்பதே இந்த விளையாட்டின் குணத்தைச் சொல்லிவிடும். ஒரு காலத்தில் உடல் எவ்வளவு தடுப்புக்கு வெளியே தெரிகிறது என்பதை அதிகாரியின் கண்ணே தீர்மானித்ததால் வாக்குவாதம் ஓயாமல் இருந்தது. 2017இல் தரையில் எல்லைக்கோடு வைத்து, கால் கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று பார்க்கும் முறைக்கு மாறிய பிறகு அந்தச் சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது. ஐடிபிஏவைப் பற்றிப் பழைய வீரர்கள் சொல்லும் குறைகளில் பாதி, அந்த மாற்றத்துக்கு முந்தைய காலத்துக்குரியவை.

தற்காப்பு என்ற சட்டகத்தைக் கண்டு, ஐடிபிஏ ஒரு பயிற்சி, ஐபிஎஸ்சி ஒரு விளையாட்டு என்று பிரித்துச் சொல்வோர் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. டைமர் ஒலித்துப் புள்ளிப்பட்டியல் போடும் எதுவும் விளையாட்டுதான். ஸ்டேஜை முன்பே நடந்து பார்த்துவிட்டுச் சுடும் எவரும் எதிர்பாராத சூழலைச் சந்திக்கவில்லை. துப்பாக்கியைப் பத்திரமாகவும் விரைவாகவும் கையாளும் பழக்கம் இரண்டிலும் ஒரே அளவில் வளர்கிறது. வேறுபாடு ரசனையில்தான் இருக்கிறது: புதிரைத் தானே அவிழ்க்க விரும்புகிறவருக்கு முதலாவது, புதிரின் விடை எல்லோருக்கும் ஒன்றாக இருந்து அதை யார் சுத்தமாகச் செய்துகாட்டுகிறார் என்பதில் போட்டியிட விரும்புகிறவருக்கு இரண்டாவது.

ஸ்டீல் சேலஞ்சில் புதிரே கிடையாது. உலகெங்கும் ஒரே அளவில், ஒரே தொலைவில் வைக்கப்படும் எட்டு ஸ்டேஜ்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து எஃகுத் தகடுகள். அவற்றில் ஒன்று நிறுத்தத் தகடு, அதைக் கடைசியாகத்தான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஜையும் ஐந்து முறை சுட்டு, மிக மோசமான நேரத்தைத் தள்ளிவிட்டு மற்ற நான்கையும் கூட்டுவார்கள். அவுட்டர் லிமிட்ஸ் என்ற ஒரே ஸ்டேஜில் மட்டும் ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர வேண்டும். அதனால் அங்கே நான்கு முறை சுட்டு மூன்றைக் கூட்டுவார்கள். தகட்டைத் தவறவிட்டால் தனியே அபராதம் இல்லை. மறுபடி சுடுவதற்கான நேரமே அபராதம். சுடாமலே விட்டுவிட்டால் தகட்டுக்கு 3 வினாடி. மேகசின் மாற்றமும் திட்டமிடலும் ஓட்டமும் இல்லாமல், உறையிலிருந்து எடுப்பது, முதல் தகடு, அடுத்த தகட்டுக்குக் கண்ணை நகர்த்துவது ஆகிய மூன்றே செயல்கள் திரும்பத் திரும்பச் சோதிக்கப்படுகின்றன.

இதைச் சலிப்பு என்று ஒதுக்குபவர்கள் ஒரு பெரிய வசதியைக் கவனிப்பதில்லை. ஸ்டேஜ்கள் மாறாதவை என்பதால், ஒருவரின் இன்றைய நேரத்தை அவருடைய சென்ற ஆண்டு நேரத்தோடும், உலகச் சாதனையோடும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஐபிஎஸ்சியில் ஒவ்வொரு போட்டியும் புதியது என்பதால், தான் முன்னேறினோமா அல்லது மற்றவர்கள் சொதப்பினார்களா என்பதே பல நேரங்களில் தெரியாது. இரண்டாவது வசதி, .22 ரிம்ஃபயர் எனப்படும் சிறிய தோட்டாவைச் சுடும் துப்பாக்கிகளுக்கெனத் தனிப் பிரிவுகள் இருப்பது. அந்தப் பிரிவுகளில் உறையே தேவையில்லை. துப்பாக்கியைக் கையில் தாழ்த்திப் பிடித்து, முன்னால் உள்ள ஒரு குறியை நோக்கி வைத்திருந்து தொடங்கலாம். பின்னுதைப்பு மிகக் குறைவு, தோட்டாச் செலவும் குறைவு. சிறுவர்களோடு வரும் குடும்பங்களையும், மணிக்கட்டோ முழங்காலோ ஒத்துழைக்காத மூத்தவர்களையும் ஸ்டீல் சேலஞ்சில் அதிகம் பார்க்க முடிவதற்கு இவையே காரணம். உறையிலிருந்து எடுப்பதில் இன்னும் தன்னம்பிக்கை வராத ஒருவர், இதைவிடப் பத்திரமான வாசலைக் காண்பது அரிது.

விளையாட்டைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் துப்பாக்கி பற்றிய கேள்வி வர வேண்டும். அதுவும் டிவிஷன், அதாவது துப்பாக்கி வகைக்கேற்ற போட்டிப் பிரிவு, என்ற வடிவில். ஐபிஎஸ்சியின் டிவிஷன்களை மட்டும் இங்கே பார்ப்போம், ஏனெனில் குழப்பம் அங்கேதான் அதிகம். புரொடக்ஷன் என்பது அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உள்ள, தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே அதிகம் மாற்றப்படாத துப்பாக்கிகளுக்கானது. மேகசினில் 15 தோட்டாவுக்கு மேல் கூடாது. எல்லோருக்கும் மைனர் கணக்குதான். புரொடக்ஷன் ஆப்டிக்ஸ் அதன் உடன்பிறப்பு, ஒளிப்புள்ளி மட்டும் கூடுதல். ஸ்டாண்டர்டில் துப்பாக்கியும் மேகசினும் சேர்ந்து 225, 150, 45 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டிக்குள் அடங்க வேண்டும். மேஜர் வேண்டுமென்றால் குறைந்தது .40 அங்குல விட்டமுள்ள தோட்டா தேவை. கிளாசிக், 1911 என்ற பழைய மாதிரியின் வடிவில் உள்ள துப்பாக்கிகளுக்கு, மேஜரில் 8 தோட்டா, மைனரில் 10. ரிவால்வர் தனி உலகம். ஓப்பனில் காம்பென்சேட்டர், ஒளிப்புள்ளி, 170 மில்லிமீட்டர் மேகசின் எல்லாமே அனுமதி.

மேஜரா மைனரா என்பதைப் புரிந்துகொள்ள பவர் ஃபேக்டர் கணக்குப் போதும்: தோட்டாத் தலையின் எடையைக் கிரெயின் என்ற அலகிலும் வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகுக்க வேண்டும். மைனருக்கு 125, ஸ்டாண்டர்ட் மேஜருக்கு 170, ஓப்பன் மேஜருக்கு 160. யூஎஸ்பிஎஸ்ஏவில் மேஜர் 165. 124 கிரெயின் 9 மில்லிமீட்டர் தோட்டா வினாடிக்கு 1,010 அடி ஓடினால் 125.24, மயிரிழையில் தேறும். 147 கிரெயின் தோட்டா 860 அடியிலேயே 126.42ஐத் தொட்டுவிடும். எடை கூடிய, மெதுவாக ஓடும் தோட்டாவின் உதைப்பு கூர்மையாக இல்லாமல் தள்ளுவது போல இருப்பதாகப் பலர் உணர்வதால், மைனர் வீரர்களிடம் 147 கிரெயினுக்குத் தனி மவுசு உண்டு. பெரிய போட்டிகளில் உங்கள் பையிலிருந்தே தோட்டாக்களை எடுத்து, எடைபோட்டு, வேகமானியின் மேல் சுட்டுப் பார்ப்பார்கள். மேஜர் என்று அறிவித்தது தேறாவிட்டால் மைனராகக் கணக்கிடப்படும். மைனரும் தேறாவிட்டால் தொடர்ந்து சுடலாம், ஆனால் புள்ளி கிடையாது. குளிரில் வெடிமருந்து சற்று மந்தமாகலாம் என்பதை மறந்து எல்லைக்கு மிக அருகே தோட்டா தயாரிப்பவர்கள் அந்த வேகமானியின் முன்தான் அதைக் கற்றுக்கொள்கிறார்கள்.

புதியவர் ஓப்பனில் தொடங்கலாமா? தடையில்லை, ஆனால் நான் பரிந்துரைக்க மாட்டேன். காரணம் செலவு மட்டுமன்று. நீண்ட மேகசினில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் இருக்கும்போது, 32 தோட்டா ஸ்டேஜில் ஒருமுறை மாற்றினால் வேலை முடிந்தது. சில நடுத்தர ஸ்டேஜ்களில் மாற்றவே வேண்டாம். 15 தோட்டாவோடு அதே ஸ்டேஜைச் சுடுபவர் குறைந்தது இருமுறை மாற்ற வேண்டும். நகரும் நேரத்தில் மாற்றிவிட வேண்டும், இல்லையெனில் நின்ற இடத்தில் ஒரு வினாடிக்கு மேல் வீணாகும். தவறவிட்ட தோட்டாவுக்கு ஈடாக இன்னொன்று சுட்டால் அடுத்த இடத்தில் மேகசின் காலியாகிவிடும் அபாயமும் உண்டு. இந்த நெருக்கடிதான் திட்டமிடலையும் ஒழுங்கையும் கற்பிக்கிறது. சீக்கிரமே ஓப்பனுக்குப் போனவர்கள், தோட்டா ஏராளமாக இருப்பதால் குறி பார்ப்பதில் கவனக்குறைவாகி, அதை வேகம் என்று எண்ணிக்கொள்வதைப் பல கிளப்களில் காணலாம்.

இரும்புக் குறியா ஒளிப்புள்ளியா என்பதில் எனக்குத் தயக்கமில்லை: நாற்பதைத் தாண்டியவர்கள் நேராக ஒளிப்புள்ளிக்கே போகலாம். இரும்புக் குறியில் கண்ணின் குவியம் முன்குறியில் நிற்க வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு அந்தத் தூரம்தான் மங்கலானது. ஒளிப்புள்ளியில் பார்வை பலகையிலேயே நிற்கலாம், புள்ளி தானாக அதன்மேல் மிதக்கும். இளையவர்களுக்கும் இது கெடுதலன்று, ஆனால் ஓர் இடர் உண்டு. உறையிலிருந்து துப்பாக்கியை உயர்த்தும்போது மணிக்கட்டு சிறிது மேல்நோக்கியிருந்தாலும் கண்ணாடியில் புள்ளியே தெரியாது. அப்போது புதியவர் துப்பாக்கியை மேலும் கீழும் ஆட்டிப் புள்ளியைத் தேடுவார்; டைமரில் முழு வினாடி கரைந்துவிடும். இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. தோட்டா எதுவும் இல்லாத அறையில், துப்பாக்கி காலி என்று இருமுறை உறுதிசெய்துவிட்டு, சுவரில் ஒரு சிறிய குறியைப் பார்த்தபடி துப்பாக்கியை மெதுவாக உயர்த்தி, புள்ளி அந்தக் குறியிலேயே வந்து அமரும்வரை பிடியைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். டிரை ஃபயர் எனப்படும் இந்தப் பயிற்சியில் பெரும்பகுதி நேரத்தைச் செலவிடாத முன்னணி வீரர் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

உண்மையான துப்பாக்கியை வைத்திருக்கச் சட்டம் இடங்கொடாத அல்லது பெரிதும் கட்டுப்படுத்தும் இடங்களில் மேற்கண்ட ஒப்பீடெல்லாம் வீண்பேச்சு என்று தோன்றலாம். அங்கே ஐபிஎஸ்சியின் ஆக்ஷன் ஏர் இருக்கிறது: 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டைச் சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கி, சிறிய பலகை, உள்ளரங்கம். அதற்கெனத் தனி உலகப் போட்டி 2018இல் ஹாங்காங்கில் நடந்தது. பின்னுதைப்பைக் கட்டுப்படுத்துவது ஒன்றைத் தவிர, திட்டமிடல், நகர்தல், மேகசின் மாற்றம், பாதுகாப்பு விதி அனைத்தும் அப்படியே. ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் பிஸ்டலும் எளிதில் கிடைக்கும் மாற்றுதான்; ஆனால் 75 நிமிடத்தில் 60 குண்டு என்ற அதன் அமைதி வேறொரு மனத்தைக் கேட்கிறது. விசையை அசைக்காமல் அழுத்தும் கலையை அது கற்பிப்பதுபோல் வேறெதுவும் கற்பிக்காது. அதில் சில காலம் இருந்துவிட்டு வந்தவர்களைத் தொலைதூரப் பலகைகளில் அடையாளம் கண்டுவிடலாம்.

இதுவரை சொன்ன அனைத்தையும் மீறி முடிவை மாற்றக்கூடிய ஒன்று உண்டு: சென்றுவரக்கூடிய தொலைவில் எந்த கிளப் எதை நடத்துகிறது என்பது. மாதம் ஒருமுறை சுட முடிகிற ஐடிபிஏ, ஆண்டுக்கு இருமுறை மட்டும் எட்ட முடிகிற ஐபிஎஸ்சியைவிட நல்லது. ஏனெனில் இந்த விளையாட்டைப் பெரும்பாலும் சக போட்டியாளர்களிடமிருந்துதான் கற்கிறோம். உள்ளூர் போட்டி சம்பள ஊழியர்களால் நடப்பதில்லை. ஒருவர் சுட்டு முடித்ததும் ஸ்க்வாட் முழுவதும் இறங்கிப் பலகைத் துளைகளில் ஒட்டுத்தாள் ஒட்டுகிறது, விழுந்த எஃகுத் தகடுகளை நிமிர்த்துகிறது; ஒருவர் அதிகாரியின் பின்னால் நடந்து, அவர் உரக்கச் சொல்லும் புள்ளிகளைப் பதிவு செய்கிறார். சுட்டு முடித்துத் தகடு நிமிர்த்த வராமல் நிழலில் உட்காருபவரை அடுத்த போட்டியில் யாரும் விரும்பி ஸ்க்வாடில் சேர்ப்பதில்லை. மாறாக, பத்தாண்டு அனுபவமுள்ளவர், அறிமுகமே இல்லாத புதியவருக்குத் தன் உதிரி மேகசினைக் கழற்றிக் கொடுப்பதும் அதே இடத்தில்தான் நடக்கிறது.

மூன்றிலும் மாறாதது பாதுகாப்பு ஒழுங்கு. எங்கள் உலகில் அது விவாதப் பொருளன்று. அதிகாரி கட்டளையிடும்வரை துப்பாக்கி காலியாக உறையில் இருக்கும். கட்டளை வந்ததும் தோட்டா ஏற்றுதல், தயாரா என்ற கேள்வி, காத்திருக்கச் சொல்லும் சொல், ஒன்றிலிருந்து நான்கு வினாடிக்குள் டைமரின் ஒலி. முடிந்ததும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் தோட்டா அறையைத் திறந்து காட்டி, அதிகாரி பார்த்து ஒப்பிய பிறகு, விசையை வெறுமையாக அழுத்தி, உறையில் வைக்க வேண்டும். ஐபிஎஸ்சியில் துப்பாக்கி முனை 90 பாகைக் கோணத்தைத் தாண்டிப் பின்னால் திரும்பினாலோ, கையிலிருந்து தவறி விழுந்தாலோ, நகரும்போதோ மேகசின் மாற்றும்போதோ விரல் விசைக்காப்புக்குள் இருந்தாலோ அந்த நாள் போட்டி முடிந்தது. உலகச் சாம்பியனாக இருந்தாலும் அதே. மற்ற இரண்டிலும் சொற்கள் சற்று வேறுபடும், கண்டிப்பு வேறுபடாது. வலக்கைக்காரர் இடது பக்கமாக ஓடும்போது மேகசின் மாற்றுவதுதான் கோணம் மீறும் வழக்கமான இடம். இடுப்பு திரும்பும், துப்பாக்கியும் கூடவே திரும்பிவிடும். முதல் சில போட்டிகளில் அங்கே மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொண்டால் பெரும்பாலான தகுதிநீக்கங்கள் நிகழாமலே போகும்.

ஆகவே என் தேர்வு இதுதான்: கையாளுவதில் தயக்கம் இருப்பவர், அல்லது குழந்தைகளோடு வருபவர், ரிம்ஃபயர் ஸ்டீல் சேலஞ்சில் சில மாதங்கள் இருக்கட்டும். தன் அன்றாடத் துப்பாக்கியையே சுட விரும்பி, ஒரே விடையுள்ள சோதனையை ரசிப்பவர் ஐடிபிஏவுக்குப் போகட்டும். மற்ற எவருக்கும், அருகில் கிளப் இருக்குமானால், ஐபிஎஸ்சியில் புரொடக்ஷன் ஆப்டிக்ஸ். ஒளிப்புள்ளி இல்லாத துப்பாக்கி ஏற்கெனவே கையில் இருந்தால் புரொடக்ஷன். துப்பாக்கியை மாற்றியமைக்கும் ஆசையை ஓராண்டு தள்ளிப்போட்டு, அந்தப் பணத்தை வளையாத உறுதியான பெல்ட், விசையை முழுதாக மூடும் கெட்டியான உறை, ஐந்து மேகசின்கள், நான்கு மேகசின் பைகள் ஆகியவற்றில் போடுவது நல்லது. உறையையும் பைகளையும் இடுப்பெலும்பின் முன்முனைக்குப் பின்னால் அணிய வேண்டும் என்ற விதி ஓப்பன் தவிர்த்த டிவிஷன்களில் இருப்பதால், முன்பக்கமாகத் தள்ளி அணியும் போட்டி பெல்ட்டைப் படத்தில் பார்த்து வாங்கிவிட வேண்டாம்; முதல் போட்டிக்கு முந்தைய நாளே கிளப்பில் யாரிடமாவது அணிந்து காட்டிச் சரிபார்த்துக்கொள்ளலாம்.